கிருபைக் குன்றும் மாமாவின் மேலவிளையும்

மாறாமலையில் என் தாய்மாமாவுக்கு ஒரு கிராம்புத் தோட்டம் உண்டு. நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை என்று போய், அதற்குமேல் ஜீப்பில் எலும்பு குலுங்க ஏற வேண்டும். தோட்டம் மூன்று துண்டாகக் கிடக்கிறது. பழைய ஆதாரப் பத்திரத்தில் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர்: மேலவிளை, ஓடைவிளை, பாறையடி. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் புதுமை இல்லை. வாத்தியார்விளை, வடலிவிளை, பள்ளிவிளை என்று நாகர்கோவில் நகரத்துக்குள்ளேயே திரும்பிய பக்கமெல்லாம் விளைதான். விளை என்றால் தோப்பு. தோப்பாக இருந்த நாளில் வைத்த பெயர், தோப்பு போய் வீடு வந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் தன் கைப்பேசியை நீட்டினான். ஆஸ்திரேலிய ஒயின் ஒன்றின் விலை. ஒரு புட்டி பல நூறு டாலர். “ஒரே விளையில் காய்த்த திராட்சையாம். அதற்குத்தான் இந்த விலையாம். நம் மேலவிளைக் கிராம்பை இப்படித் தனிப் பெயரில் விற்க முடியாதா?” என்றான்.

மாமா சிரித்தார். “வியாபாரியின் சாக்குக்குள் போனால் மேலவிளையும் இல்லை, ஓடைவிளையும் இல்லை மருமகனே. எல்லாம் கிராம்பு.”

பதில் என்னைப் பார்த்துத்தான் சொல்லப்பட்டது. நான் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன். நிகழ்வு ஆய்வு என்று மாணவர்களுக்குக் கொடுக்கும் பழைய சோப்பு கம்பெனிக் கதைகளை ஓரமாக வைத்துவிட்டு, மச்சான் காட்டிய அந்த ஒயினையே எடுத்துக்கொண்டேன். நான் அதைக் குடித்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒயின் என்றால், நவம்பர் கடைசியில் கம்பம் பன்னீர் திராட்சையை நசுக்கி, சர்க்கரையும் கோதுமையும் நாலு கிராம்பும் போட்டு, பரணியின் வாயில் துணியால் வேடு கட்டி வைப்பதுதான். ஆகவே சுவையைப் பற்றி இங்கே ஒரு வரியும் வராது. அந்த விலை எங்கிருந்து வந்தது என்பது மட்டுமே என் கேள்வி.

குடும்பமும் குன்றும்

ஒயினின் பெயர் ஹில் ஆஃப் கிரேஸ். தயாரிக்கும் குடும்பம் ஹென்ஷ்கி. இடம், தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்கு வடகிழக்கே உள்ள பரோசா வட்டாரத்தின் மேட்டுப்பகுதியான ஈடன் வேலி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம்.

அங்கே ஜெர்மானியர்கள் போய்ச் சேர்ந்த கதை மதச் சண்டையில் தொடங்குகிறது. பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் தம் நாட்டு லூத்தரன் சபையையும் சீர்திருத்த சபையையும் ஒன்றாக இணைத்து, ஒரே வழிபாட்டு முறையைத் திணித்தார். ஒத்துக்கொள்ளாத லூத்தரன் குடும்பங்கள் 1838 முதல் கப்பலேறின. 1841இல் வந்து இறங்கிய ஜோஹன் கிறிஸ்டியன் ஹென்ஷ்கி, பிற்பாடு கீன்டன் என்னும் சிற்றூரில் நிலம் வாங்கினார். குடும்பத்தின் ஒயின் வியாபாரம் 1868இல் தொடங்குகிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம் மாவட்டத்து மைலாடி நினைவுக்கு வந்தது. 1806இல் மைலாடிக்கு வந்து, 1809இல் அங்கே ஆலயம் எழுப்பிய மிஷனரி ரிங்கல்தௌபே பிறந்ததும் அன்றைய பிரஷ்யாவின் சிலேசியாவில்தான். பரோசாவில் குடியேறிய பலருக்கும் அதே வட்டாரம்தான் பூர்வீகம். ஒருவர் நம் பனங்காட்டுக்கு வேதப் புத்தகத்தோடு வந்தார். ஒரு தலைமுறை கழித்து வேறு சிலர் திராட்சைக் குச்சியை நடக் கடல் கடந்து போனார்கள். ஆய்வுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தோட்டத்துக்கு எதிரே ஒரு லூத்தரன் ஆலயம் நிற்கிறது. அதன் பெயர் க்னாடன்பெர்க், சிலேசியாவில் விட்டுவந்த ஓர் ஊரின் பெயர். அதை ஆங்கிலமாக்கினால் ஹில் ஆஃப் கிரேஸ். தமிழாக்கினால் கிருபைக் குன்று. நம் பக்கத்து ஆலயம் ஒன்றுக்கு இந்தப் பெயர் இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அங்குள்ள மிக முதிய கொடிகளை ஸ்டானிட்ஸ்கி என்பவர் சுமார் 1860இல் நட்டார். பிறகு தோட்டம் ஹென்ஷ்கி குடும்பத்துக்கு வந்தது திருமண உறவு வழியாக. நிலம் கல்யாணத்தோடு வீடு மாறுவது நமக்கும் தெரிந்த கதைதானே. மொத்தம் எட்டு ஹெக்டேர் அளவு. அதில் பாதிதான் ஷிராஸ்.

ஷிராஸ் என்பது ஆஸ்திரேலியர்கள் வைத்துக்கொண்ட பெயர். பிரான்சின் ரோன் ஆற்றங்கரையில் அதே திராட்சைக்கு சிரா என்று பெயர். பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்று நெடுநாள் கதை சொன்னார்கள். 1990களின் கடைசியில் மரபணுச் சோதனை அந்தக் கதையைக் கலைத்துவிட்டது. டுரேசா, மொந்தூஸ் பிளாஞ்ச் என்னும் இரண்டு தென்கிழக்குப் பிரெஞ்சு வகைகளுக்குப் பிறந்த பிள்ளை அது. ஆஸ்திரேலியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் பஸ்பி. 1832இல் குச்சிகளாகக் கட்டிக் கொண்டுபோனார்.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய திருப்பம். 1860களிலிருந்து பிலாக்சரா என்னும் வேர்ப்பேன் ஐரோப்பியத் தோட்டங்களை அடியோடு தின்றது. அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் பிரெஞ்சுத் திராட்சை மீண்டது. தெற்கு ஆஸ்திரேலியா 1899இல் தனிச் சட்டமே போட்டு வாசலை அடைத்தது. பூச்சி இன்றுவரை உள்ளே வரவில்லை. எனவே கிருபைக் குன்றின் முதிய கொடிகள் ஒட்டுக் கட்டாமல் தங்கள் சொந்த வேரில் நிற்கின்றன. பாசனமும் இல்லை, வானம் பார்த்த கொடிகள். பிரான்சிலேயே அரிதான முதுமை அது. இதில் குடும்பத்தின் உழைப்பு பாதி, அதிர்ஷ்டம் பாதி என்பேன். விளம்பரக்காரர்கள் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

1958இல் என்ன மாறியது?

இந்த ஆய்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கொடிகள் நட்டது 1860 வாக்கில். ஹில் ஆஃப் கிரேஸ் என்ற பெயரில் முதல் ஒயின் வந்தது 1958இல். இடையில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள். அந்த நூறு ஆண்டும் அதே மண், அதே கொடி, அதே மழை. பழம் மட்டும் மற்ற பழங்களோடு சேர்ந்து பொதுத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமா சொன்ன வியாபாரியின் சாக்கு அதுவேதான்.

பிரித்தவர் நான்காம் தலைமுறையான சிரில் ஹென்ஷ்கி. அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவில் விற்பனை முழுக்க, சாராயம் சேர்த்து வீரியம் ஏற்றிய இனிப்பு ஒயின்கள் பக்கமே இருந்தது. ஒரே தோட்டத்துப் பழத்தைத் தனியாக நொதிக்கவைத்து, உணவோடு குடிக்கும் ஒயினாக்கி, தோட்டத்தின் பெயரையே சீட்டில் அச்சடிப்பது வழக்கத்துக்கு மாறான காரியம். முதலில் 1952இல் மவுண்ட் எடல்ஸ்டோன் என்ற தோட்டத்தின் ஷிராஸை அப்படி வெளியிட்டார். அந்தத் தோட்டம் அப்போது அவர் குடும்பத்துக்குச் சொந்தமே இல்லை. பழத்தை விலைக்கு வாங்கித்தான் செய்தார்கள். 1974இல்தான் நிலம் கைக்கு வந்தது. மாணவர்களிடம் இந்த இடத்தில் நிறுத்திக் கேட்பதுண்டு: நிலம் இல்லாமலே நிலத்தின் பெயரை மதிப்பாக்க முடிந்தது எப்படி? பெரும்பாலும் யாரும் பதில் சொல்வதில்லை. இன்னொரு தோட்டத்துப் பழம் தொட்டியில் விழாமல் பார்த்துக்கொண்டார் என்பதே பதில். நிலத்தை வாங்கும் காசைவிட இதற்கு ஒழுங்கு அதிகம் தேவைப்பட்டது.

கிருபைக் குன்றுக்குள்ளேயும் பிரிவினை தொடர்கிறது. தாத்தாக்கள், ஆலயத் துண்டு, தபால் நிலையத் துண்டு, வீட்டுத் துண்டு, காற்றாலைத் துண்டு என்று தோட்டத்துக்குள் தனித்தனிப் பெயர்கள். ‘தாத்தாக்கள்’ என்பது அந்த முதிய கொடிகள். ஒவ்வொரு துண்டையும் கையால் பறித்து, தனியாக நொதிக்கவைத்து, பீப்பாயில் கிடத்தி, பின்னர் எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். தோட்டத்தின் இளம் கொடிகளுக்கு இந்தக் கூட்டத்தில் இடம் கிடையாது. அவற்றின் பழம் ஹில் ஆஃப் ரோசஸ் என்று வேறு பெயரில் போகிறது. பீப்பாய், புட்டி எல்லாம் சேர்த்து, அறுவடையான பழம் கடைக்கு வர ஐந்து ஆண்டு அளவில் ஆகிறது.

2000, 2011 ஆகிய ஆண்டுகளில் ஹில் ஆஃப் கிரேஸ் இல்லவே இல்லை. 2011இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் அறுவடைக் காலம் முழுக்க ஈரம், பூஞ்சை. பழம் தரத்துக்கு வரவில்லை என்று அந்தப் பெயரில் ஒரு புட்டியும் அடைக்கவில்லை. புட்டிக்குப் பல நூறு டாலர் கிடைக்கும் என்று தெரிந்தும் ஓர் ஆண்டு முழுவதையும் பூஜ்யமாக எழுதுவது. பங்குதாரர்களுக்குக் காலாண்டுக் கணக்குக் காட்டவேண்டிய கம்பெனி இதைச் செய்யத் துணியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆனால் இதைத் தியாகமாகப் பாடுவதும் எனக்குச் சம்மதமில்லை. ஹென்ஷ்கி குடும்பம் டஜன் கணக்கில் வேறு ஒயின்கள் செய்கிறது. ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயின் உண்டு, கலவைச் சிவப்பு ஒயின்கள் உண்டு, எளிய விலையில் உண்டு. ஐந்து ஆண்டுச் சரக்கு பூட்டிக் கிடக்கையில் வீட்டு அடுப்பு எரிவது அவற்றால். ஒற்றை விளையின் பெருமையை மற்ற விளைகள் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கின்றன. இந்தப் பக்கத்தைக் காட்டாமல் மச்சானுக்கு அந்த விலையை மட்டும் காட்டியிருந்தால் அவன் மேலவிளையை அடகு வைத்திருப்பான்.

பிழைத்ததும் தேர்ந்ததும்

1986, 87இல் தெற்கு ஆஸ்திரேலிய அரசு கொடியைப் பிடுங்கினால் காசு கொடுத்தது. திராட்சை மிகுதி, விலை சரிவு. பரோசாவில் முதிய ஷிராஸ் கொடிகள் பல அப்போது வேரோடு போயின. பிற்பாடு அதே வட்டாரம் முதிய கொடிகளுக்குச் சாசனம் எழுதியது. 2009இல் வந்த அந்தப் பட்டியலில் 35 வயதுக்கு மேல் ஒரு பெயர், 70க்கு ஒன்று, 100க்கு ஒன்று, 125ஐத் தாண்டினால் ‘மூதாதை’. இருபதே ஆண்டு இடைவெளியில் ஒரே கொடி குப்பையாகவும் மூதாதையாகவும் ஆகிறது. ரப்பர் விலை ஏறிய காலத்தில் நம் மாவட்டத்தில் எத்தனை பனை, எத்தனை நெல்வயல் போயிற்று என்று எண்ணிப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல வாய் வராது.

சிரில் 1979இல் இறந்தார். மகன் ஸ்டீபனும் மருமகள் ப்ரூவும் பொறுப்பேற்றார்கள். இருவரும் ஜெர்மனியில் கைசன்ஹைம் ஒயின் கல்விக்கழகம் வரை போய்ப் படித்தவர்கள். ஒயின் எழுத்தாளர்கள் ஸ்டீபனைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். எனக்கு ப்ரூ செய்த வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. அவர் தாவரவியல்காரர். 1980களின் நடுவிலிருந்து கிருபைக் குன்றின் முதிய கொடிகளைக் கொடி கொடியாகப் பார்த்து, எது சீராகக் காய்க்கிறது, எதற்கு நோய் இல்லை என்று குறித்துவைத்து, சிறந்தவற்றின் குச்சிகளை எடுத்து நாற்றங்கால் போட்டார். கொடிக்கடியில் வைக்கோல் பரப்பினார். வரிசைகளுக்கு இடையே உள்ளூர்ப் புல்லை வளரவிட்டார். முதிய கொடி என்றைக்காவது சாகும். அது சாகும்போது அதே கொடியின் பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இன்று ஆறாம் தலைமுறை வேலையில் இறங்கிவிட்டது, பிள்ளைக்கொடிகளும்தான்.

மாறாமலையில்

இதையெல்லாம் எழுதிக்கொண்டுபோய் மாமாவிடம் வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, “அந்த மருமகள் கெட்டிக்காரி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இந்தியாவில் விளையும் கிராம்பில் பெரும்பங்கு குமரி மாவட்டத்து மலைகளில் விளைகிறது. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் நனைக்கும் சரிவுகள். கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2023இல் நம் மட்டி வாழைப்பழத்துக்கும் கிடைத்தது. ஆனால் குறியீடு மாவட்டத்துக்கானது. ஒயின் கணக்கில் அது ‘பரோசா’ என்று எழுதுவதற்குச் சமம். அதற்குள் ஒரு குன்றைப் பிரித்துக் காட்டுவது விளைக்காரரின் பாடு. அதுவும் மடகாஸ்கரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் கிராம்பு அதே மண்டியில் அடுத்த சாக்கில் நிற்கும்போது.

கிராம்பு என்பது பூக்காத மொட்டு. பச்சை நிறம் மாறி இளஞ்சிவப்பு ஏறும் நாளில் பறிக்க வேண்டும். விரிந்துவிட்டால் தரம் போயிற்று. ஒரே மரத்தில் எல்லாக் கொத்தும் ஒன்றாக முற்றுவதில்லை; ஏணி வைத்து அதே மரத்தில் திரும்பத் திரும்ப ஏற வேண்டும். பறித்த கொத்திலிருந்து பெண்கள் உட்கார்ந்து காம்பு நீக்குவார்கள். நல்ல வெயில் இருந்தால் நாலைந்து நாளில் காய்ந்து, மூன்றில் ஒரு பங்கு எடையாகிவிடும். வெயில் தவறினால் மொட்டு புழுங்கி, வெளிறிச் சுருங்கும். ஒரு வருடம் கொட்டிக் காய்த்த மரம் மறு வருடம் சோம்பும். கொடிக்குத் தாத்தா என்றால் கிராம்பு மரமும் சளைத்ததில்லை. பராமரித்தால் நூறு வயது நிற்கும்.

மாமாவின் தயக்கம் நியாயமானது. மொட்டு முற்றும் நாட்களில் ஆள் கிடைப்பதே பாடு. அந்த அவசரத்தில் மூன்று விளைக்கும் தனிப் பாய், தனிச் சாக்கு, கலந்துவிடாமல் பார்க்க ஒரு ஆள் என்றால் கூலி ஏறும். ஏறிய கூலியை யார் தருவார்? மேலும், ஒயினைப் போலக் கிராம்பை ஐந்தாண்டு வைத்தால் மணம் பறக்கும், மதிப்பு இறங்கும். பிரியாணியில் நாலு கிராம்பு போடுகிறவர் எந்த விளை என்று கேட்பாரா? நேர்மையாகச் சொன்னால் கேட்க மாட்டார். அந்த ஆஸ்திரேலிய விலை மாறாமலைக்கு வராது. அதை மச்சானிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

இருந்தாலும் மேலவிளை உண்மையிலேயே வேறா என்று தெரிந்துகொள்ள விரும்பினோம். பழைய சரக்கில் மூன்று விளையிலிருந்தும் தனித்தனியாக எடுத்த கொஞ்சம் கிராம்பு வீட்டுச் சமையலுக்கென்று மாமியிடம் இருந்தது. மூன்று தட்டில் பரப்பி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். மாமி ஒவ்வொரு கிராம்பையும் நகத்தால் அழுத்தினார். எண்ணெய் கசிகிறதா என்று தொட்டுப் பார்த்து மோந்தார். தட்டுகளை இடம் மாற்றி மாற்றி மூன்று முறை வைத்தோம். இரண்டு முறை மேலவிளையைச் சரியாகச் சொன்னார். மூன்றாம் முறை ஓடைவிளையை மேலவிளை என்றார். ஓடைவிளைக்கும் பாறையடிக்கும் வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொன்னார். பிறகு மூன்றையும் டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். எண்ணெய் உறிஞ்சி எடுத்த சொத்தைக் கிராம்பு மிதக்கும். மூன்றும் தலை மேலாக நின்றபடி அமிழ்ந்தன. அதாவது மூன்றும் நல்ல சரக்கு, ஒன்று கொஞ்சம் கூடுதல் நல்ல சரக்கு. இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஒரு சின்ன டப்பாவில் போட்டு, தெரிந்த சித்த வைத்தியருக்கும் கேக் போடுகிறவர்களுக்கும் கூடுதல் விலையில் கொடுக்கலாம்.

மாமா ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: இந்த வருடம் மேலவிளைக்கு மட்டும் தனிப் பாய். நல்ல மரங்களுக்கு அவரே சுண்ணாம்பால் வளையம் போட்டார், நாற்றுக்கு விதை எடுக்க. அது யாரும் கேட்காமல் செய்தது. மச்சான் நாகர்கோவிலில் மேலவிளைக் கிராம்பு என்று சீட்டு அச்சடித்துக்கொண்டு வந்தான்.

மாசியில் பறிப்பு முடிந்து பாயில் பரப்பிய இரண்டாம் நாள் மதியம், எதிர்பாராத மழை. தார்ப்பாய் இழுத்து மூடுவதற்குள் பாதி நனைந்தது. அடுத்த இரண்டு நாளும் மேகம் விலகவில்லை. மொட்டுகளில் சில வெளிறத் தொடங்கின. மச்சான் நனையாத பாதியைத் தனியாகப் பொறுக்கி எடுக்கலாம் என்றான். அப்போதே ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தும்விட்டான்.

மாமா பாயின் ஓரத்தில் குந்தி, ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். பிறகு பாயின் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கி, முழுவதையும் பாறையடிச் சாக்கில் தட்டினார்.

“அடுத்த வருடம் பார்க்கலாம்” என்றார்.

சீட்டுகள் இப்போது பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. வருடம் அச்சடிக்காமல் விட்டது நல்லதாயிற்று என்றான் மச்சான்.